டிஷ்ஷுக்குக் காசு கொடுத்த பிள்ளைகள்

பதுளைப் பக்கம் டிஷ் பூட்டுகிறவனுக்கு வருடத்தில் இரண்டு சீசன் உண்டு. முதலாவது, ஜூலையில் தொடங்கும் கச்சான் காற்று. அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுகிறது என்று பெக்டரிக்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள். அதே காற்று லயத்துக் கூரையில் நிற்கும் டிஷ்ஷை ஒரு விரல்கடை திருப்பிவிடும். படம் போய்விடும். பசறையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் மடூல்சீமையிலிருந்தும் என் போனுக்கு ஓயாமல் அழைப்பு வரும். அது ரிப்பேர் சீசன். இரண்டாவது, தீபாவளிக்கு முந்திய வாரம். அது புது டிஷ் பூட்டும் சீசன். ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரியவர்கள். தீபாவளிக்குக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். உடுப்பு, எண்ணெய், இறைச்சி, கடைக் கடன் என்று கைக்கு வருமுன்பே அது பங்கு பிரிந்துவிடும். டிஷ்ஷுக்கான காசு கொழும்பு பஸ்ஸில்தான் வந்து இறங்கும். புறக்கோட்டைத் துணிக்கடையில் துணி மடிக்கிறவன், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறவன், இரும்புக் கடையில் மூட்டை தூக்குகிறவன் கொண்டுவரும் காசு அது. மீசை சரியாக முளைத்திருக்காது. காசு எண்ணும்போது மட்டும் ஒரு குடும்பத் தலைவனின் நிதானம் வந்துவிடும். "அண்ணே, சன்னும் விஜயும் கட்டாயம் வரணும். அம்மாயி நாடகம் பாக்கணுமாம்" என்பான். பேரம் பேசுவான். வயர் எத்தனை மீட்டர் போனது என்று தானே அளந்து பார்ப்பான். வேலை முடிந்து டிவியைப் போட்டால் திரையில் அவன் வயதில் ஒருத்தன் வருவான். சோபாவில் சாய்ந்து கிடப்பான். அம்மா பால் கொண்டுவந்து நீட்டுவாள், தட்டிவிடுவான். பைக் வாங்கித் தரவில்லை என்று அப்பாவை முறைப்பான். இவன் என் கையில் காசை வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இஸ்தோப்பில் நின்று அவனைப் பார்ப்பான்.

நான் நாடகம் எழுதியவனல்ல, நடித்தவனும் அல்ல. ஆனால் நாடகம் போய்ச் சேருகிற காம்பராக்களை என் அளவுக்குப் பார்த்த நாடகக்காரர் சென்னையிலும் இருக்க மாட்டார், கொழும்பிலும் இருக்க மாட்டார். சிக்னல் சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு கால் மணி நேரமாவது உட்கார வேண்டும். தேநீர் வரும். நாடகம் ஓடும். வீட்டில் யார் எங்கே உட்கார்கிறார்கள், ரிமோட் யார் கையில் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் யார் எழுந்து வெளியே போகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே கண்ணில் படும்.

தொழில் பழகிய காலத்தில் டிஷ் கிடையாது. ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. பிதுருதலாகலை உச்சியிலிருந்து வரும் அலையை எங்கள் மலைகள் பாதி வழியிலேயே மறித்துக்கொள்ளும். மேட்டு லயத்தில் தெளிவான படம், பள்ளத்து லயத்தில் வெறும் புள்ளிமழை. லயங்களுக்குக் கரண்டும் வரவில்லை. கறுப்பு வெள்ளை டிவியைக் கார் பெட்டரியில் ஓட்டினார்கள். பெட்டரியைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுவந்து சார்ஜுக்குப் போட்டுவிட்டு, மறுநாள் வந்து தூக்கிப்போவார்கள். நான் வேலை பழகிய கடையில் என் முதல் உத்தியோகமே அந்தப் பெட்டரிகளுக்குப் பெயர் எழுதி வரிசையாக அடுக்குவதுதான். சார்ஜ் இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பது வீட்டுக்கு வீடு பெரிய தீர்மானம். அந்த ரேஷனிலும் தப்பிப் பிழைத்த நாடகம் ஒன்று உண்டு. ஓஷின்.

ஜப்பானில் 1983இலும் 84இலும் ஓடிய தொடர் அது. 297 பகுதிகள், எழுதியவர் ஹஷிதா சுகாகோ என்ற பெண். இங்கே ரூபவாஹினி அதைச் சிங்களக் குரல் கொடுத்துக் காட்டியது. ஏழு வயதுச் சிறுமியை ஒரு மூட்டை அரிசிக்காகப் பிறர் வீட்டில் பிள்ளை பார்க்க அனுப்புகிறார்கள். பனி கொட்டும் ஆற்றில் தெப்பத்தில் அவள் போகிறாள், கரையோரம் தகப்பன் ஓடி வருகிறான். தோட்டத்துக் கிளாக்கர் வீட்டு ஜன்னலில் நெருக்கியடித்து நின்று நான் பார்த்த காட்சி அது. எங்கள் ஆட்களில் பலருக்குச் சிங்களம் அரைகுறை, சில கிழவிகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. ஏழு வயதில் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு வயதில் கொழும்புக்கோ கண்டிக்கோ "வீட்டு வேலைக்கு" போன ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்தது. ஓஷினுக்கு மூன்று நடிகைகள்: சின்னப் பிள்ளைக்கு ஒருத்தர், வளர்ந்தவளுக்கு ஒருத்தர், கிழவிக்கு ஒருத்தர். மூன்று பேரும் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். பிள்ளையும் உழைத்தது, பெரியவளும் உழைத்தாள். வயது மாறினாலும் கை மாறவில்லை. தொலைக்காட்சியில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு மிக அருகில் வந்த பாத்திரம் கிமோனோ கட்டிய ஒரு ஜப்பான்காரி என்பதை நான் இப்போதும் சொல்வதுண்டு. சிரிப்பார்கள். வேறு பெயர் சொல்லுங்கள் என்றால் யோசிப்பார்கள்.

பிறகு கரண்டு வந்தது, கலர் டிவி வந்தது, 1998இல் சக்தி டிவி வந்தது. தமிழ்நாட்டுத் தொடர்கள் லயத்துக்குள் நுழைந்தன. 2009இல் வசந்தமும் சேர்ந்தது. இந்திய டிஷ்கள் பரவிய பின் நடிகைகள் ராதிகாவும் தேவயானியும் எங்கள் தோட்டத்திலேயே பேர் பதிந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் என்று வருடக்கணக்கில் ஓடிய கதைகள். மெட்டி ஒலியின் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனைப் பார்த்துத் தாடி நனைய அழுத கங்காணி ஒருவரை நான் அறிவேன். அவருக்குப் பெண் பிள்ளையே இல்லை.

இந்தத் தொடர்களில் நான் கவனித்த முதல் விஷயம், வயது என்ற கணக்கே வேறு மாதிரி என்பது. அங்கே இரண்டே பருவம்: கல்யாணத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பின். பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தால் அவளைப் பற்றிக் கவலைப்படுவார்கள், தாலி ஏறியதும் அவள் கவலைப்படத் தொடங்குவாள். நடுவில் உள்ள ஆறேழு வருடத்தைக் கதை தாண்டிக் குதித்துவிடும். "சில வருடங்களுக்குப் பிறகு" என்று ஒரு வரி போட்டால் போதும், பாவாடை சட்டையில் படியேறிய பிள்ளை சேலையில் இறங்கிவரும். பதின்வயது என்பது கதைக்காரருக்கு ஒரு தொந்தரவு. குழந்தை என்றால் அழவைக்கலாம், பெரியவள் என்றால் சதி செய்ய வைக்கலாம். பதினைந்து வயதை வைத்து என்ன செய்வது? ஒன்று காதலில் மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடத்திக்கொண்டு போக வேண்டும். எதிர்நீச்சல் தொடரில் குணசேகரன் மகள் தர்ஷினியைக் கடத்திய கதை எத்தனையோ வாரம் ஓடியது. அவ்வளவு நாளும் பெரியவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டே இருந்தார்கள். பங்காளிச் சண்டையில் காணி உறுதிக்கு என்ன பங்கோ அதுதான் அந்தப் பிள்ளைக்கும்: எல்லோரும் அதற்காகத்தான் சண்டை போடுகிறார்கள், அது மட்டும் வாய் திறப்பதில்லை.

குணசேகரனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் திகதி அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்று ஹாலிஎலப் பக்கம் ஒரு லயத்தில் பொக்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் அதையே பேசினார்கள். திட்டித் திட்டிப் பார்த்த ஆளுக்காக அப்படி ஒரு துக்கம். ஒருத்தி சொன்னாள், "எங்க மாமனாரு மாதிரியே பேசுவாரு. இவரு செத்துட்டாரு, அவரு இருக்காரு." வீட்டு ஆண்கள் காதில் விழும்படிதான் சொன்னாள். தொடர்கள் பெரியவர்களைச் சில சமயம் சரியாகவே பிடித்துவிடுகின்றன. அதிகாரம் பண்ணும் ஆண், அடங்கிப்போய் உள்ளே கனலும் மருமகள், இரண்டு பக்கமும் நல்லவளாக இருக்கப் பார்க்கும் மாமியார் எல்லாம் பொய்யில்லை. பொய் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் எப்போது வேலைக்குப் போகிறார்கள்?

இந்தக் கேள்வி என்னுடையதல்ல. ஸ்பிரிங்வெளிப் பக்கத்து அம்மாயி ஒருத்தியுடையது. மத்தியான மறுஒளிபரப்பில் நாலு பெண்கள் பட்டுச்சேலையோடு ஹோலில் நின்று ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "இவளுகளுக்குப் பேர் போடுற நேரம் ஒண்ணும் கெடையாதா? காலைல இருந்து நிக்கிறாளுக." பக்கத்தில் இருந்த பேத்தி சொன்னாள்: "அவங்க பணக்காரங்க அம்மாயி." "பணக்காரவுகன்னா பணம் எங்கிட்டிருந்து வருது?" பேத்திக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கதையில் கம்பனி ஒன்று இருக்கும், அதில் பைல் ஒன்று இருக்கும், அதில் கையெழுத்து வாங்கச் சதி நடக்கும். அந்தக் கம்பனி என்னதான் செய்கிறது என்பதைக் கோலங்கள் மாதிரி ஒன்றிரண்டு தொடர்கள்தான் கொஞ்சமாவது காட்டின.

பகல் நேரத்து லயத்தில் இருப்பது அந்த இரண்டு பேர்தான், கிழவியும் பள்ளிவிட்டு வந்த பிள்ளையும். நடுவயதுக்காரர்கள் மலையில் நிற்பார்கள், அல்லது கொழும்பில், அல்லது குவைத்தில். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மாவை எங்கள் பிள்ளைகளில் பலர் முதலில் பார்த்தது டிவியில்தான். விடியற்காலை எழுந்து, ஆறரைக்கெல்லாம் பேர் போடும் பெரட்டுக்குப் போய், பின்னேரம் ஈரத்தோடு வந்து அடுப்பு மூட்டுகிற அம்மா அந்தக் கணக்கில் சேரமாட்டாள். டவுனில் கூட்டங்களில் பேசுகிறவர்கள் "நாடகம் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று சொல்லும்போது எனக்கு அதில் பாதிச் சம்மதம்கூட இல்லை. பிள்ளைகள் நாடகத்தைப் பாதிக் காதால்தான் கேட்கிறார்கள். பாடப் புத்தகம் மடியில் இருக்கும், போன் கையில் இருக்கும். முழு நம்பிக்கையோடு பார்க்கிறவர்கள் பெரியவர்கள். பதினைந்து வயதுப் பெண் என்றால் காதல், ஓடிப்போதல், அவமானம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தவர் தன் மகள் போனை எடுத்தாலே அடுத்த எபிசோட்டை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். கெட்டுப்போனது அவர் பார்வை.

விஜய் டிவியில் கனா காணும் காலங்கள் 2006இல் தொடங்கியபோது இது நன்றாக வெளிச்சமானது. பள்ளிக்கூடத்தையே கதைக்களமாக வைத்து, மாணவர்களையே கதாநாயகர்களாக்கிய தொடர். பெரியவர்கள் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்தது. தலைமயிரை முன்னால் இழுத்துவிடுவதும், வெள்ளைச் சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிடுவதும், பாடசாலை வாசலில் ஒழுங்கு சேர் கத்தரிக்கோலோடு நிற்பதும் அந்தக் காலத்துக் காட்சிகள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சீருடைத் துணியில் டை கட்டிய சென்னைப் பள்ளியைக் கொண்டுவரப் பார்த்தால் வேறென்ன நடக்கும்? ஒரு தகப்பன் என்னைத் தனியாக அழைத்துப்போய், "தம்பி, அந்த விஜயை மட்டும் பூட்டிப்போடு" என்றார். பொக்ஸில் சைல்ட் லொக் இருக்கிறது, நாலு இலக்கம் போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். அவர் மகள் எட்டாம் வகுப்பு. நான் இலக்கத்தை அழுத்தும்போது தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்றிருந்தாள். அடுத்த முறை போனபோது பூட்டு அப்படியே இருந்தது, அவள் முழுக் கதையும் சொன்னாள். அப்பாவுக்கு மெனுவை வாசிக்கத் தெரியாது. மழை பெய்து படம் போனால் பொக்ஸை அணைத்துப் போட்டு மீண்டும் சனல் தேடிக் கொடுப்பவள் அவள்தான்.

தொழிலில் நான் அதிகம் நம்பியதும் அந்த வயதுப் பிள்ளைகளைத்தான். டிஷ் பூட்ட இரண்டு பேர் வேண்டும். நான் தகரத்தில் ஏறினால், கீழே டிவிக்கு முன்னால் ஒருவன் நின்று சிக்னல் பட்டையை வாசித்துச் சொல்ல வேண்டும். பெரியவரை நிறுத்தினால் "வருது, வருது" என்பார். எவ்வளவு வருகிறது என்று சொல்லத் தெரியாது. பதின்மூன்று வயதுப் பையன் "நாப்பத்தஞ்சு, அறுபது, அண்ணே கொஞ்சம் கீழ, எழுபத்தெட்டு, நில்லுங்க!" என்பான். பதுளையிலிருந்து பார்த்தால் நாங்கள் பிடிக்கிற செய்மதிகள் கிழக்கே சற்றுத் தெற்காக, ஏறக்குறைய உச்சிவானில் இருக்கின்றன. கையால் தொட்டால்கூட மாறிவிடும் வேலை அது.

2010 ஜூலையில் இன்சாட் 4பி செய்மதியில் மின்சாரக் கோளாறு வந்து சன் டைரக்ட் டிஷ் சேவை ஒரே நாளில் படுத்துவிட்டது. எல்லாத் தோட்டத்திலிருந்தும் எனக்குத்தான் திட்டு, வானத்தில் நான் போய் வயரைக் கழற்றியது போல. சேவையை மீசாட் 3க்கு மாற்றினார்கள். 93.5 பாகையிலிருந்து 91.5 பாகைக்கு டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இந்த வருடத்துக்கு இதுவே போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேட்டு லயத்துக்குப் போனால் பாதிக் கூரையில் வேலை முடிந்திருந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் போனில் விசாரித்து, ஸ்பேனர் எடுத்துத் தாங்களே திருப்பி, வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனைப் பிறகு என்னோடு விடுமுறை நாட்களில் வைத்துக்கொண்டேன். கெட்டிக்காரன். சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக்குப் போய்விட்டான். எந்த நாடகத்திலாவது வீட்டுக்கு உருப்படியான ஒரு வேலை செய்கிற பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா?

அந்த வயதுப் பாத்திரங்களில் நடிக்கிறவர்களே அந்த வயதுக்காரர்கள் இல்லை என்பது இன்னொன்று. பள்ளிச் சீருடையில் வருகிறவருக்குத் தாடி மழித்த பச்சை தெரியும். தினமும் ஓடுகிற தொடர், மாதம் முழுக்கப் படப்பிடிப்பு, நிஜமாகவே படிக்கிற பிள்ளை அதற்கு எங்கே போகும்? இந்தியாவில் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பின்னால் விதிகளும் வகுத்தார்கள். 14 வயதுக்குட்பட்ட நடிகரை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது, சம்பாதிப்பதில் 20 சதவீதமாவது பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். நல்ல விதிகள். இங்கேயும் கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக்கினார்கள், வேலைக்குச் சேரும் வயதையும் 2021இல் 14இலிருந்து 16க்கு உயர்த்தினார்கள். துணிக்கடைப் பையனுக்குப் பதினேழு. சட்டத்துக்கு அவன் சரி. எத்தனை மணி நேரம் நிற்கிறாய் என்று கேட்டால், "கடை மூடுற வரைக்கும்" என்பான்.

பாக்கியலட்சுமி தொடருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன். 2020இல் தொடங்கி 2025 வரை ஓடியது. அதில் வளர்ந்தவள் ஒருத்தி உண்மையாகவே வேலை செய்தாள். சமைத்து விற்றாள், ஓடர் எடுத்தாள், நட்டப்பட்டாள். மகள் இனியா பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்று வெட்கப்படுகிற பிள்ளை. அந்த வேடத்தில் நேகா மேனன் நடித்தார். பிள்ளைகளுக்கு உள்ளே இருக்கும் கொடூரமும் பாசமும் அந்தப் பாத்திரத்தில் இருந்தன. எங்கள் பாடசாலைகளில் பெற்றோர் கூட்டம் என்றால் அம்மா வேலை உடுப்போடு மலையிலிருந்து நேரே வந்துவிடுவாளோ என்று பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. அது நாங்கள் வெளியில் சொல்லாத விஷயம். டிவி சொல்லிவிட்டது.

அந்தத் தொடரை வைத்து நான் பார்த்த ஒரு சங்கதி. லுணுகலைப் பக்கம் ஒரு வீடு. அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அப்பா தோட்டத்தில், பிள்ளை அம்மாயியோடு. இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை. அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் நேரத்தில் இமோவில் கோல் வரும். நான் டிஷ்ஷின் எல்.என்.பி மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டாள், "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." பிறகு இரண்டு பக்கமும் மௌனம். அப்புறம் அம்மா, "இனியா பண்ணுனது சரியா சொல்லு?" என்றாள். பிள்ளைக்கு நாக்கில் உயிர் வந்தது. இனியா செய்தது சரிதான், அவள் அம்மா அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா, எல்லாத்தையும் தானே முடிவெடுத்தால் அவள் என்ன செய்வாள் என்று மூச்சுவிடாமல் பேசினாள். குவைத் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அவ அம்மாவுக்கும் வேற வழி தெரியலையே தங்கம்" என்று கடைசியில் ஒரு பதில் வந்தது. அப்பா இதற்கிடையில் எழுந்து வெளியே போயிருந்தார். நான் ஸ்பேனர்களை எடுத்துப் பையில் போட்டேன். தொடர்களை எவ்வளவு திட்டினாலும் அந்த இருபது நிமிடத்தை அவற்றின் கணக்கில் வரவு வைக்காமல் இருக்க முடியாது.

எங்கள் பிள்ளைகள் டிவியில் வராமல் இல்லை. செய்தியில் வருகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எல்லா சனல்களின் கமராவும் வந்தது. பள்ளிக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் நின்றதை நாடே பார்த்தது. 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த மலையகச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோதும் வாரக்கணக்கில் காட்டினார்கள். செத்தால் செய்தி, நல்ல பெறுபேறு வாங்கினால் ஒரு நிமிடச் செய்தி. இடையில் உள்ள வாழ்க்கைக்கு நாடகம் என்று ஒன்று கிடையாது. சினிமாவிலாவது 1975இல் வி. பி. கணேசன் தோட்டத்து மக்களை வைத்துப் ‘புதிய காற்று’ எடுத்தார். சிங்கள நாடகங்களில், நான் பார்த்தவரை, எங்கள் ஆள் வந்தால் கொச்சைச் சிங்களம் பேசிக்கொண்டு தட்டு கழுவும். கொழும்பில் வேலை செய்து சிங்களம் நன்றாகப் பிடித்த எங்கள் பையன்கள் தெரண டிவியில் 2017இல் தொடங்கிய தெவெனி இனிமவை ஒரு நாளும் விடாமல் பார்த்தார்கள். கிரிக்கெட் ஆடும் இளைஞனின் கதை. அதில் தங்களைத் தேடினார்களா என்று ஒருவனைக் கேட்டேன். "பேட் வாங்கக் காசு யார் குடுத்ததுன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

2022 மார்ச் கடைசியில் கரண்டு வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. ரூபாய் சரிந்ததில் இந்திய ரீசார்ஜ் எங்கள் கணக்குக்கு எட்டாத விலையாயிற்று. தினச் சம்பளம் அதற்கு முந்திய வருடம்தான் 1,000 ரூபாய்க்கு வந்திருந்தது. பல கூரைகளில் டிஷ் துருப்பிடித்து நிற்க, பொக்ஸ் மேல் துணி போட்டு மூடினார்கள். திரும்பி வந்தவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்கள் விடுபட்ட பகுதிகளைப் போனில் பார்க்கப் பழகிவிட்டார்கள். போன் என்றால் ஆளுக்கொன்று. அம்மாயி ஒரு மூலையில், பேத்தி ஒரு மூலையில். இப்போது நான் பெரும்பாலும் கடைகளுக்குப் பாதுகாப்புக் கமரா பூட்டுகிறேன்.

போன வருடம் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் நாலைந்து பேர் என் கடைக்கு வந்தார்கள். யூடியூபுக்குக் குறும்படம் எடுக்கிறார்களாம். கதையில் பழைய குண்டு டிவி ஒன்று வேண்டும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை. சாதாரண தரம் எழுதிய பையன் பெறுபேறு வருவதற்கு முன்பே கொழும்புக்குப் போகிறான் என்பது கதை. பதினாறு வயதுப் பையனாக உண்மையிலேயே பதினாறு வயதுக்காரன் நடித்தான். சிக்கல் அப்பா வேடத்தில். தோட்டத்துப் பெரியவர்கள் யாரையும் பிடிக்க முடியவில்லை. வார நாளில் மலை, ஞாயிற்றுக்கிழமை விறகு, கோயில், தூக்கம். கடைசியில் பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் தலையில் முகப்பவுடர் தட்டிக்கொண்டு அப்பாவானான். வெள்ளவத்தையில் வேலை செய்கிறவன், லீவில் வந்திருந்தான். வீட்டுக் கடன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மகனிடம் பேசுகிற கட்டம். வசனம் எழுதவில்லையாம், அவனாகவே பேசினானாம்.

படத்தை என் போனில் போட்டுக் காட்டினார்கள். சத்தம் சரியில்லை, காற்று இரைந்தது. தலைமயிர் பவுடர் தோளில் கொட்டியிருந்தது. கடைக்கு ரிமோட் வாங்க வந்திருந்த ஒரு அம்மாவும் எட்டிப் பார்த்தாள். முடியும்வரை நின்றாள். "அப்பனா நடிக்கிறது யாரு வீட்டுப் புள்ள?" என்று மட்டும் கேட்டாள். சொன்னார்கள். அடுத்த படத்துக்கு அம்மா வேடம் இருக்கிறது, நீங்கள் வருவீர்களா என்று பையன்கள் அவளை விடாமல் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்து மணிக்குப் பிறகுதான் முடியும், பன்னிரண்டுக்கெல்லாம் விட்டுவிட வேண்டும், சேலை தன்னுடையதைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு ரிமோட்டுக்குப் பேரம் பேசத் தொடங்கினாள்.